விதைக்கு இட்ட விருந்து

இராமநாதபுரம் சீமையின் கரையோர ஊர்களில் நோன்பு மாதம் வந்துவிட்டால் கடற்பாசி காய்ச்சாத முஸ்லிம் வீடு அபூர்வம். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவிட்டால், சற்று நேரத்தில் அது தானாகவே உறைந்து, கத்தியால் வில்லை போடும் பதத்துக்கு வந்துவிடுகிறது. பகல் முழுவதும் வறண்ட தொண்டைக்கு அது எவ்வளவு இதம் என்பதை உண்டவர்களே அறிவார்கள். பட்டணத்துக் கடைகளில் இந்தப் பண்டத்துக்குச் 'சைனா கிராஸ்' என்று பெயர். விஞ்ஞானிகளின் பரிசோதனைச் சாலையிலோ 'அகர்' என்று பெயர். மலாய் பாஷையிலிருந்து வந்த சொல் அது. பூஜை அறையில் ஏற்றும் அகர்பத்திக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. இது கடலில் பிறந்தது.

இந்த அகரில் விதையை முளைக்க வைப்பது பற்றியும், அப்படி முளைக்க வைக்கும்போது பாக்டீரியாக் கிருமிகள் புகுந்து காரியத்தைக் கெடுத்துவிடாமல் தடுப்பது பற்றியும் இவ்வாரம் எழுத உத்தேசித்திருக்கிறோம். "மண் இருக்க, வில்லையில் விதைப்பானேன்?" என்று வாசகர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லுமுன், அகர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்றுப் பார்த்துவிடுவோம். ஏனெனில் விஷயத்தின் அருமை அங்கேதான் இருக்கிறது.

பாம்பன், மண்டபம், இராமேசுவரம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள மன்னார் வளைகுடாவில் பாறைகளையும் பவளத் திட்டுக்களையும் பற்றிக்கொண்டு பலவிதப் பாசிகள் வளர்கின்றன. அவற்றுள் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று நம் மீனவப் பெண்கள் அழைக்கும் இரண்டும் அகர் தருபவை. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கிடைக்கும் அகர் உறுதியாக உறைவது; ஆகவே பரிசோதனைச் சாலைக்கு உகந்தது. கஞ்சிப் பாசியின் அகர் பெரும்பாலும் உணவுப் பண்டங்களுக்குப் போகிறது. இவற்றைப் பறித்து வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி நீருக்குள் மூழ்கி, பாறையிலிருந்து பாசியைக் கையால் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் நிரப்புகிறார்கள். கரையில் காயவைத்த பாசி மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய், கழுவி, வேகவைத்து, வடிகட்டி, உறையவைத்து, உலர்த்தி, வெண்மையான அகராக வெளியே வருகிறது.

பல காலம் சமையற்கட்டோடு நின்றிருந்த இந்தப் பண்டம் விஞ்ஞானத்துக்குள் நுழைந்த கதையும் ஒரு பெண்மணியின் கதைதான். 1881-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்னும் மேதையின் பரிசோதனைச் சாலையில் வால்தர் ஹெஸ்ஸே என்ற வைத்தியர் வேலை செய்து வந்தார். கிருமிகளைத் தனித்தனியாக வளர்த்துப் பார்ப்பதற்கு அக்காலத்தில் ஜெலட்டினை உபயோகித்தார்கள். கோடைக்காலம் வந்ததும் ஜெலட்டின் இளகி வழிந்துவிடும்; போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். ஹெஸ்ஸே தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய மனைவி பான்னி ஹெஸ்ஸே வீட்டில் செய்யும் பழக்களிகள் மாத்திரம் எந்த வெயிலிலும் இளகுவதில்லை! காரணம் கேட்டபோது, அதில் சேர்ப்பது அகர் என்று அந்த அம்மையார் சொன்னார். ஜாவாவில் வசித்துத் திரும்பிய ஒரு டச்சுக் குடும்பத்தாரிடம் இளமையில் அவர் கற்றுக்கொண்ட பக்குவம் அது. 1882-ஆம் ஆண்டில் க்ஷயரோகக் கிருமியைப் பற்றிக் காக் வெளியிட்ட உலகப் பிரசித்தி பெற்ற கட்டுரையில் அகரின் பெயர் வந்தது. அம்மையாரின் பெயர் வரவில்லை. உலகில் இப்படி நடப்பது புதிதல்லவே!

அகருக்குள்ள விசேஷ குணம் இதுதான்: உருக வேண்டுமானால் அதற்குச் சுமார் 85 டிகிரி செண்டிகிரேட் உஷ்ணம் வேண்டும், ஆனால் உருகிய பிறகு 40 டிகிரிக்கு அருகில் இறங்கும் வரையில் உறையாது. ஆகையால் கை பொறுக்கும் சூட்டில் அதை ஊற்றலாம். ஊற்றி உறைந்த பின் சித்திரை வெயிலிலும் அது இளகாது. பெரும்பாலான கிருமிகளுக்கு அகரைத் தின்னத் தெரியாது; பெரும்பாலும் கடலில் வாழும் சில கிருமிகளே அந்த வித்தையை அறிந்தவை.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்னர் உலகத்துக்கு அகர் அளித்தது பெரும்பாலும் ஜப்பான் தேசம். 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த வாசல் அடைபட்டதும் மற்ற தேசங்கள் திகைத்துப் போயின. அமெரிக்க அரசாங்கம் கையிருப்பு அகரைக் கிருமிப் பரிசோதனைக்கென்று ஒதுக்கிவைத்தது. அப்போதுதான் ஒவ்வொரு தேசமும் தன் கரையில் என்ன விளைகிறது என்று திரும்பிப் பார்த்தது. நமது விஞ்ஞானிகளும் நம் கடலைத் திரும்பிப் பார்த்தார்கள். சுதந்திரம் பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, 1949-இல் மண்டபத்துக்கு வந்தது. அங்கே பணி புரிந்த பாசியியல் அறிஞர் பிரான்செஸ்கா திவி நம் நாட்டுப் பாசிகளின் அகரைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். அடிமைத்தனத்தில் அரசியல் ஒன்றுதானா உண்டு? ஒரு சீசா அகருக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பதும் ஒருவகை அடிமைத்தனமே என்பதை யுத்தம் உணர்த்திற்று.

இனி, முதற் கேள்விக்கு வருவோம். மண்ணை விட்டு அகரில் ஏன் விதைக்க வேண்டும்?

முதற் காரணம், மண்ணுக்குள் நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிச் சீசாவிலுள்ள தெளிந்த அகரில் விதை போட்டால், வேர் எப்படிக் கீழ்நோக்கி வளைகிறது, வேரில் மயிர் போன்ற இழைகள் எப்போது தோன்றுகின்றன என்பதையெல்லாம் பள்ளிக்கூடத்துக் குழந்தையும் பார்த்துவிடலாம். இரண்டாவது காரணம், சில விதைகள் மண்ணில் முளைப்பது மகா அபூர்வம். மலைக் காடுகளில் மரங்களின் மேல் வளரும் ஆர்க்கிட் செடிகளின் விதை தூசியைப் போன்றது. அதனுள் முளைக்குக் கட்டுச்சோறு கிடையாது. காட்டில் ஒருவிதக் காளான் வந்து ஊட்டினால் மட்டுமே முளைக்கும். 1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த லூயிஸ் நட்ஸன் என்பவர், காளான் செய்யும் உபகாரத்தை அகரில் கலந்த சர்க்கரையே செய்துவிடும் என்று காட்டினார். அழிந்துவரும் ஆர்க்கிட் இனங்களைக் காப்பாற்றுகிறவர்கள் இன்றும் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். நமது தேசமும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. 1964-ஆம் ஆண்டில் டில்லி சர்வகலாசாலையில் சிப்ரா குஹா, சதீஷ் சந்திர மகேஸ்வரி ஆகிய இருவரும் ஊமத்தம் பூவின் மகரந்தப் பையைச் சுத்தமான அகரில் வளர்த்து, மகரந்தத்திலிருந்தே செடியை உண்டாக்கி உலகை வியக்க வைத்தார்கள். இன்று நாம் உண்ணும் வாழைப் பழங்களில் பலவும், இப்படிச் சீசாவில் பெருக்கிய கன்றுகளின் பலனே.

ஆனால் சங்கடம் ஒன்று இருக்கிறது. விதைக்கென்று நாம் போடும் இலைக்குக் கிருமியும் விருந்தாளியாக வந்து உட்கார்ந்துவிடுகிறது! ஈரமும் சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் நிறைந்த இடம் அதற்கு இந்திரலோகம். சௌகரியமான நிலையில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று, ஒரு மணி நேரத்தில் 8 ஆகிறது, பத்து மணி நேரத்தில் 107 கோடிக்கு மேல் ஆகிவிடுகிறது. இரவில் விதைத்துவிட்டுப் படுத்தால், விடிவதற்குள் ஒரு மகா ராஜ்யமே ஏற்பட்டுவிடுகிறது. விதைக்கோ முளைவிடப் பல நாள் வேண்டும். பந்தயம் தொடங்குமுன்பே முடிவு தெரிந்துபோய்விடுகிறது. ஆகவே, வந்த கிருமியை விரட்டுவது நடவாத காரியம். வராமல் தடுப்பது ஒன்றே வழி.

இப்படித் தடுப்பது எவ்விதம் என்பதற்கு அந்தக் கரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பிரிட்டிஷார் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் ஏழை ஜனங்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, சில நாள் வைத்துப் பார்த்து, தொத்து நோய் இல்லையென்று கண்ட பிறகே கப்பலேற்றினார்கள். அங்கே நம்மவர் பட்ட சிறுமைகளை நாம் மறப்பதற்கில்லை. அந்த முகாம் இருந்த மண்டபத்திலேயே பின்னர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது காலத்தின் விசித்திரம். மனிதரை நடத்திய விதம் கண்டிக்கத்தக்கதே. ஆயினும், 'வெளித்தோற்றத்தை நம்பாதே, சில நாள் நிறுத்திவைத்துப் பார், பிறகு உள்ளே விடு' என்ற சூத்திரம் கிருமி விஷயத்தில் முற்றிலும் சரியானது. விதைக்கும் சீசாவுக்கும் அதை அனுஷ்டித்தால் யார் மனமும் நோகாது.

அகரில் கிருமி நுழைய நான்கு வாசல்கள் உண்டு: அகரும் பாத்திரமும் ஒன்று, விதை ஒன்று, காற்று ஒன்று, நம் கை ஒன்று. மூன்று வாசலை அடைத்து ஒன்றைத் திறந்து வைத்தாலும் நான்கையும் திறந்து வைத்ததற்கே சமானம். இதை உணராதவர்கள்தான், "எந்த மருந்தை ஊற்றினால் கிருமி வராது?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு மருந்தால் ஆகிற காரியம் அன்று இது; ஒழுங்கினால் ஆகிற காரியம்.

முதல் வாசல் அகர். லிட்டருக்கு 8 கிராம் அகர் போதுமானது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பெரும்பாலானவை சாகின்றன; ஆனால் சில ஜாதிகள் கெட்டியான ஓட்டுக்குள் வித்தாக ஒடுங்கி, கொதிநீரிலும் உயிரோடிருக்கும். அவற்றைக் கொல்ல 121 டிகிரி உஷ்ணத்தில் நீராவி வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில்தான் நீராவி அந்தச் சூட்டை எட்டும். இதற்கென்று பெரிய இயந்திரம் தேடி அலைய வேண்டாம். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் ஏறக்குறைய இந்த அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. சீசாக்களில் மூன்றில் ஒரு பங்கே அகர் ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து, மேலே அலுமினியத் தாளைச் சுற்ற வேண்டும். மூடியில் ஆவி நன்றாக வெளிவந்து உள்ளிருக்கும் காற்றை ஐந்து நிமிஷமாவது விரட்டிய பின்னரே வெயிட்டைப் போட வேண்டும். காற்றுத் தங்கிவிட்டால் அழுத்தம் ஏறினாலும் சூடு ஏறாது. பிறகு 20 நிமிஷம். இறக்கிய பின் வெயிட்டை அவசரப்பட்டுத் தூக்கக் கூடாது. தூக்கினால் அகர் பொங்கிப் பஞ்சை நனைத்துவிடும், நனைந்த பஞ்சு கிருமிக்குப் பாலம். குக்கர் இல்லாதவர்களுக்கு 1877-ஆம் ஆண்டில் ஜான் டிண்டால் கண்டுபிடித்த உபாயம் உண்டு: மூன்று நாள், நாளுக்கு அரைமணி வீதம் கொதிநீரின் ஆவியில் வைப்பது. முதல் நாள் தப்பிய வித்துக்கள் இரவில் முளைக்கும். முளைத்தவை மறுநாள் மடியும். சத்துக் கலந்த அகரில் இது பலிக்கும். வெறும் தண்ணீரில் வித்து முளைக்காதாகையால் அங்கே பலிக்காது.

இங்கே ஒரு சிக்கன யோசனையும் சொல்ல விரும்புகிறோம். மிளகாய், பயறு, கத்தரி முதலிய விதைகள் தங்கள் கட்டுச்சோற்றைத் தாங்களே சுமந்து வருகின்றன. அவை முளைப்பதைப் பார்க்க வெறும் தண்ணீரும் அகருமே போதும். அதில் சர்க்கரையைக் கொட்டுவது, அழையாத விருந்தாளிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும். சர்க்கரை ஆர்க்கிட் போன்ற அநாதை விதைகளுக்கே அவசியம்.

இரண்டாவது வாசல் விதை. அநேகமாகக் குற்றவாளி இங்கேதான் ஒளிந்திருப்பான். இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயை எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்று இந்த வறண்ட சீமைக்கே பெருமை தேடித் தந்த மிளகாய் அது. களத்து மேட்டில் காய்ந்த விதையின் தோலில் மண்ணும் தூசியும் கிருமியும் ஒட்டியிராமல் எப்படி இருக்கும்? முதலில் ஒரு சொட்டுச் சோப்பு கலந்த நீரில் அலசிப் பல தடவை கழுவ வேண்டும். சோப்பு எதற்கென்றால், விதையின் மடிப்புக்களில் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். குமிழிக்குள் இருக்கும் கிருமியை மருந்து தொடாது. அடுத்து 70 சதவீத ஸ்பிரிட்டில் ஒரு நிமிஷம். முழு ஸ்பிரிட்டைவிடத் தண்ணீர் கலந்ததே அதிகமாகக் கொல்லும். தண்ணீர் இல்லாவிட்டால் கிருமியின் மேற்புறம் மட்டும் இறுகி உட்புறம் பிழைத்துவிடும். வித்தாக ஒடுங்கிய கிருமியை ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது; ஆகவே அதற்கடுத்தபடி, வெளுப்புக்கு உபயோகிக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் நீரைச் சுமார் 1 சதவீதம் இருக்கும்படி நீர்த்து, அதில் 10 முதல் 15 நிமிஷம் விதையைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியாகக் குக்கரில் வைத்தெடுத்த நீரில் மூன்று நான்கு தடவை அலச வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால் இவ்வளவு பாடும் வீண். வெளுப்பு மருந்து வெப்பத்திலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும். கடற்கரை வீட்டில் ஆறு மாதம் திறந்து கிடந்த சீசாவை நம்பிப் பயனில்லை. இன்னொரு முக்கிய எச்சரிக்கை: வெளுப்பு மருந்தோடு அமிலத்தையோ வேறு சுத்திகரிப்பு மருந்தையோ கலக்கவே கூடாது, எழும் விஷவாயு கிருமியை விட்டுவிட்டு மனிதரைத் தாக்கும். முற்காலத்தில் பாதரச உப்பைக் கொண்டு விதை கழுவுவார்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்த விஷத்தை நினைக்கவும் வேண்டாம்.

சில விதைகளில் கிருமி தோலுக்கு உள்ளேயே குடியிருக்கும். அதை எந்த மேற்பூச்சு மருந்தும் எட்டாது. மிளகாய் விதையை 51 டிகிரி வெந்நீரில் அரைமணி வைப்பது இதற்கு ஓரளவு உதவும்; பழைய விதையாயின் முளைப்புச் சக்தியே போய்விடக் கூடும். ஆர்க்கிட் விஷயத்தில் இதைவிட அழகான உபாயம் இருக்கிறது. காய் வெடிக்குமுன்பே பறித்து, காயின் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்து, சுத்தமான இடத்தில் அறுத்தால், உள்ளிருக்கும் விதைகள் இயற்கையாகவே கிருமியற்றிருக்கும். தாய் போட்ட முத்திரையை நாம் உடைக்காத வரையில் குழந்தைக்கு அபாயமில்லை.

மூன்றாவது வாசல் காற்று. காற்றில் கிருமி தானாகப் பறப்பதில்லை. தூசியின் முதுகிலும் நீர்த்துளியின் முதுகிலும் சவாரி செய்கிறது. ஆகவே மின்விசிறியை நிறுத்தி, கடற்காற்று வரும் ஜன்னலைச் சாத்தி, தரையை ஈரத் துணியால் துடைத்து, தூசி அடங்கும்படி கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெரிய பரிசோதனைச் சாலைகளில் காற்றை வடிகட்டி அனுப்பும் பெட்டிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கு, கை நுழைய இரண்டு துவாரமுள்ள ஒரு கண்ணாடிப் பெட்டி போதும். உள்ளே ஸ்பிரிட்டால் துடைத்து உபயோகிக்கலாம். ஸ்பிரிட்டின் ஆவி நிறைந்த மூடிய பெட்டிக்குள் விளக்கு ஏற்றுவது மட்டும் ஆபத்து. அகரைக் கொதிக்கக் கொதிக்கத் தட்டில் ஊற்றினால் மூடியில் ஆவி படிந்து சொட்டும். அந்தச் சொட்டு ஓரிடத்துக் கிருமியைத் தட்டு முழுவதும் பரப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இந்தத் தொல்லை அதிகம். 50 டிகிரிக்கு ஆறவைத்து ஊற்றி, உறைந்ததும் தட்டைக் கவிழ்த்து வைப்பது உத்தமம்.

நான்காவது வாசல் கை. அதோடு வாயையும் சேர்த்துக்கொள்ளலாம்! விதைக்கிற ஐந்து நிமிஷமும் மௌன விரதம் அனுஷ்டிக்க வேண்டும். அண்டை வீட்டுச் செய்தி பிறகு பேசிக்கொள்ளலாம். தட்டின் மூடியை மேஜைமேல் வைக்காமல், குடை பிடிப்பதுபோல் தட்டின் மேலேயே ஒருபுறம் மட்டும் தூக்கிப் பிடித்து, இடுக்கியால் விதையை உள்ளே வைத்து உடனே மூட வேண்டும். இடுக்கியையும் குக்கரில் வைத்தெடுத்திருக்க வேண்டும். ஸ்பிரிட் தடவிய கை உலருமுன் விளக்கின் அருகே போகக் கூடாது.

இவ்வளவும் செய்தும் சீசா கெட்டுப்போனால் என்ன செய்வது? மனம் சோர்ந்து எல்லாவற்றையும் தூர எறிந்துவிடுகிறவர்கள் பலர். அப்படிச் செய்யாமல், கெட்டுப்போன சீசாவையே சாட்சியாக வைத்து விசாரணை நடத்த வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் நாலு வகைச் சீசாக்களைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். முதல் வகை, குக்கரிலிருந்து எடுத்த பின் திறக்கவே படாதது. இரண்டாவது, விதைக்கும் இடத்தில் விதைக்கும் நேரமளவு திறந்து, ஒன்றும் போடாமல் மூடியது. மூன்றாவது, அலசுவதற்கு வைத்திருந்த சுத்தமான நீரை இடுக்கியால் தொட்டு வைத்தது. நான்காவது, விதை போட்டது. ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். முதலாவதே கெட்டிருந்தால் குற்றம் குக்கரில். நேரமோ சூடோ போதவில்லை. முதலாவது தெளிவாயிருந்து இரண்டாவது கெட்டால் குற்றம் காற்றில். மூன்றாவதில் மட்டும் தொடங்கினால் நீரிலோ இடுக்கியிலோ. மூன்றும் தெளிவாயிருந்து நான்காவது மட்டும் கெட்டால் விதையைத் தவிர வேறு யாரைச் சந்தேகிப்பது? அங்கும் கூர்ந்து பார்த்தால் சாட்சியம் கிடைக்கும். விதையைச் சுற்றிப் பாலாடைபோல் வழவழப்பாகப் படர்ந்தால் விதையோடு வந்த பாக்டீரியா. விதைக்குத் தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தோன்றினால் காற்றில் வந்தது. பஞ்சுபோல் எழும்பினால் அது பூஞ்சைக் காளான், பாக்டீரியா அன்று. ஊற்றிய சீசாக்களை ஐந்து நாள் சும்மா வைத்துப் பார்த்து, தெளிவாயிருப்பவற்றில் மாத்திரம் விதைப்பது இன்னும் நல்லது. மண்டபத்துச் சூத்திரம் இதுதான்.

அகரிலேயே கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்துவிட்டால் இவ்வளவு தொந்தரவும் வேண்டாமே என்று சிலர் யோசனை சொல்லுகிறார்கள். வைத்தியர் ரோகிக்குக் கொடுக்கும் அந்த மருந்துகள் பல கிருமிகளைக் கொல்லுவதில்லை. அடக்கி மட்டும் வைக்கின்றன. மருந்து தீர்ந்ததும் அவை தலை தூக்கும். சில மருந்துகள் முளையின் வேரையும் குன்றச் செய்யும். எல்லாவற்றிலும் பெரிய தீமை, மருந்துக்கு அஞ்சாத கிருமி ஜாதிகளை நாமே வளர்த்துவிடுவது. தேர்ந்த ஆராய்ச்சியாளர் தக்க காரணத்தோடு உபயோகிப்பது வேறு. சோம்பலுக்குத் துணையாகக் கலப்பது வேறு. கெட்டுப்போன சீசாவை ஆவலினால் திறந்து முகர்ந்து பார்க்கவும் கூடாது. உள்ளே வளர்ந்திருப்பது யார் என்பது நமக்குத் தெரியாது. மூடியபடியே மறுபடி குக்கரில் அரைமணி வைத்து, அதன் பிறகே கொட்ட வேண்டும். இதற்கென்று வைத்த குக்கரில் சோறு வடிக்கக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, கெட்டால் இன்னொரு சீசா காய்ச்சினால் போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் அட்சய பாத்திரம் அன்று. வேரோடு சுரண்டி எடுத்தால் பாறையில் பாசி மறுபடி தழைக்காது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்ந்த கடற்பரப்பு 1986-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே பாசி பறித்து வயிறு வளர்த்த பெண்கள் பெருஞ்சங்கடத்துக்கு உள்ளானார்கள். அவர்கள் சண்டையிட்டுக்கொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையாலேயே பறிப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். இந்தப் பெண்களை முன்னின்று நடத்திய பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்திக்கு 2015-ஆம் ஆண்டில் 'சீகாலஜி' என்னும் சர்வதேசப் பரிசு கிடைத்தது. ஏட்டுப் படிப்பு அதிகமில்லாத அந்தப் பெண்கள், நாளைக்கும் பாசி வேண்டும் என்பதற்காக இன்றைய கூலியில் பாதியைத் துறக்கிறார்கள். படித்த நாம், கால் மணி நேரம் தூசி அடங்கக் காத்திராமல், அவர்கள் மூச்சடக்கி எடுத்த பொருளைக் கிருமிக்குத் தானம் செய்யலாமா?

சுதேசிப் பொருளை வாங்குவதோடு சுதேசி தருமம் முடிந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அதை வீணாக்காமல் உபயோகிப்பதும் அந்தத் தருமத்தில் பாதி. நம் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மன்னார் வளைகுடாவின் அகரில் ஒரு குண்டு மிளகாய் விதையைக் குழந்தைகள் கையாலேயே விதைக்கச் செய்வார்களாக. எட்டு அல்லது பத்து நாளில் தெளிந்த அகருக்குள் வெள்ளை வேர் இறங்குவதைக் காணும் குழந்தை, சுத்தம் என்பது பாட்டி சொன்ன ஆசாரம் மட்டுமன்று, காரண காரியத்தோடு கூடிய சாஸ்திரம் என்பதைத் தன் கண்ணாலேயே அறிந்துகொள்ளும். அந்த அகர் யாருடைய மூச்சில் விளைந்தது என்பதையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்லிவிட்டால் பாடம் பூர்த்தியாகும்.